போகும் முன் கொஞ்சம் சுவாஹிலி

ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் மதுரைக்காரர் மொழி விஷயத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த மொழி என்பதைத்தான். ‘ஆப்பிரிக்க மொழி’ என்று ஒன்று கிடையாது. அந்தக் கண்டத்தில் ஏறத்தாழ 2,000 மொழிகள் புழங்குகின்றன; நைஜீரியாவில் மட்டுமே 500 வரை தேறும். நல்ல வேளையாக, பயணிக்கு இவ்வளவும் தேவையில்லை. தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் சுவாஹிலி போதும். அடிஸ் அபாபாவுக்கு அம்ஹாரிக், டர்பனுக்கு ஜூலு. உகாண்டாவின் கம்பாலாவில் தெருவில் கேட்பது லுகாண்டா. சுவாஹிலிக்கு அங்கேயும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ராணுவ ஆட்சிக் காலத்தில் அது படையினரின் மொழியாக இருந்ததால், மூத்த தலைமுறையினர் பலருக்கு அதன்மேல் பிரியம் இல்லை. அதனால் பயணச்சீட்டில் உள்ள நாட்டின் பெயரோடு, இறங்கப்போகும் ஊரின் பெயரையும் பார்த்தே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அங்கே போகிறவர்கள் பல வகை. கே.கே. நகரை அடுத்த அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பயிற்சி நிறுவனமான லயன்ஸ் அரவிந்த் சமூகக் கண் மருத்துவ நிறுவனம் 1992 முதல் ஆப்பிரிக்க நாடுகளின் கண் மருத்துவமனைகளோடும் சேர்ந்து வேலை செய்கிறது. அங்கிருந்து மருத்துவர்களும் நிர்வாகிகளும் மதுரைக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். இங்கிருந்தும் ஆட்கள் போகிறார்கள். பருப்பு வியாபாரிகளுக்கு மொசாம்பிக், தான்சானியா, மலாவி துவரை பழக்கமானது. ‘அருஷா துவரை’ என்று சந்தையில் ரகத்துக்கே பெயராகிவிட்ட அருஷா, தான்சானியாவின் வடக்கே கிளிமஞ்சாரோ மலைக்குப் பக்கத்து ஊர். சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை 2023-இல் சான்சிபார் தீவில் திறந்தபின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். மசாய் மாரா, செரெங்கெட்டி என்று காட்டு விலங்கு பார்க்கக் கிளம்பும் குடும்பங்களும் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர், ‘இங்கிலீஷ் தெரிந்தால் போதும்’ என்றே கிளம்புகிறார்கள். கென்யாவின் அலுவலகங்களிலும் பெரிய ஓட்டல்களிலும் அது உண்மை. தான்சானியாவில் பாதிதான் உண்மை. அங்கே ஜூலியஸ் நியெரெரேயின் அரசு 1967 வாக்கில் ஆரம்பப் பள்ளிக் கல்வி முழுவதையும் சுவாஹிலிக்கு மாற்றியது. ஆங்கிலம் உயர்நிலைப் பள்ளியில்தான் பாடமொழியாகிறது. ஆகவே படிப்பை முன்பே நிறுத்தியவர்களுக்கு, அதாவது டிரைவர், சுமைக்காரர், சந்தை வியாபாரி, மருத்துவமனைக்கு வரும் கிராமத்துப் பாட்டி ஆகியோருக்கு, சுவாஹிலிதான் உலகம். பயணிக்கு அன்றாடம் வேலை ஆவது இவர்களிடம்தான்.

தமிழர் காதுக்குச் சுவாஹிலி

சுவாஹிலி, பாண்ட்டு குடும்பத்து மொழி. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வளர்ந்ததால் அரபுச் சொற்கள் ஏராளம். போர்த்துகீசிய, இந்தியச் சொற்களும் உண்டு. கடைக்கு ‘டுக்கா’, வண்டிக்கு ‘காரி’, சப்பாத்திக்கு ‘ச்சபாத்தி’. சான்சிபார் நகரப் பேச்சை அடிப்படையாக வைத்து 1930-இல் தொடங்கிய குழு ஒன்று இதற்குப் பொதுவழக்கை வகுத்தது. எழுதுவது ரோமன் எழுத்தில். எழுதியதை எழுதியபடியே வாசிக்கலாம். இன்று இதைப் பேசுவோர் 20 கோடிக்கு மேல் என்கிறது யுனெஸ்கோ. அவர்களில் பெரும்பாலோருக்கு இது தாய்மொழி அல்ல, பிறகு கற்ற மொழி. இது பயணிக்கு அனுகூலம். தட்டுத் தடுமாறிப் பேசுகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஆங்கிலப் பாடநூல்கள் சுவாஹிலியின் வினைச்சொல்லைப் பெரிய அதிசயம் போல விளக்கும். தமிழருக்கு அது அதிசயமே இல்லை. ‘படிக்கிறேன்’ என்பதில் வேர், காலம், ஆள் மூன்றும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்கின்றன. சுவாஹிலியிலும் அப்படியே; வரிசை மட்டும் தலைகீழ். ‘நினாசோமா’ என்றால் ‘நி’ நான், ‘நா’ நிகழ்காலம், ‘சோமா’ படி. எதிர்காலம் வேண்டுமானால் நடுவில் ‘தா’: ‘நிதாசோமா’, படிப்பேன். நடுத்துண்டை மாற்றத் தெரிந்தால் காலம் மாறிவிடும். வாக்கியத்தில் மட்டும் வினை கடைசிக்குப் போகாது. தண்ணீரைக் கேட்பவர் முதலில் வேண்டுமென்று சொல்லி, பிறகுதான் தண்ணீரைச் சொல்கிறார்.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் திணை இரண்டு. சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமை, பன்மை முன்னொட்டு தனி. மனிதர் ‘ம்து’, மனிதர்கள் ‘வாத்து’. புத்தகம் ‘கிதாபு’, புத்தகங்கள் ‘விதாபு’. (அரபிலிருந்து வந்த ‘கிதாப்’பின் ‘கி’யைக்கூடத் தன் முன்னொட்டாக எண்ணிப் பன்மையாக்கிக்கொண்ட மொழி இது.) பெயரடையும் எண்ணும் வினையும் அந்த முன்னொட்டோடு ஒத்துப்போக வேண்டும். குறுகிய பயணத்துக்கு இதை முழுதாகக் கற்க முயல்வது வீண். மனித வகுப்பு ஒன்றைச் சரியாகக் கற்று, மற்றதில் தப்புச் செய்தாலும் புரிந்துகொள்வார்கள்.

ஒலியில் தமிழருக்கு ஒரு வரமும் ஒரு கண்ணியும் உண்டு. ஆங்கிலேயர் தவிக்கும் ‘ங’, ‘ஞ’ ஒலிகள் நமக்குக் கைவந்தவை. மாடு ‘ஙோம்பே’, வீடு ‘ஞும்பா’, இறைச்சி ‘ஞாமா’. தமிழெழுத்தில் பிசகில்லாமல் எழுதிவிடலாம். கண்ணியும் அதே தமிழெழுத்துதான். ‘பாபா’ என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவர், ‘பாட்டு’ என்பதில் வரும் வல்லின ‘பா’வால் அதை உச்சரித்தால் அது சுறாமீன், ‘பாம்பு’ என்பதன் கடைசியில் வரும் ‘ப’ ஒலியால் தொடங்கினால்தான் அப்பா. ‘சோமா’வும் இப்படித்தான். மெல்லிய ‘ஸ’ வந்தால் படி. ‘அச்சம்’ என்பதில் வரும் ‘ச்ச’ வந்தால் நெருப்பில் சுடு. ஆகவே சொற்களைத் தமிழில் எழுதிப் பழகுவதைவிட ரோமன் எழுத்திலேயே எழுதி, ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவது நல்லது. இன்னொன்று, அழுத்தம் எப்போதும் சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: ‘அசாந்தே’வில் ‘சான்’ மேல். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பேச்சு பாதி சுவாஹிலியாகிவிடும்.

வணக்கம் முடியாமல் வியாபாரம் இல்லை

பயணிகளுக்கான கையேடுகள் விலை கேட்பதிலும் வழி கேட்பதிலும் தொடங்குகின்றன. அது தப்பான வரிசை. சுவாஹிலிக் கரையில் நலம் விசாரிக்காமல் நேரே ‘என்ன விலை?’ என்பவர் பண்பு தெரியாதவர். நம் ஊர்க் கடைத்தெருவில் ‘எவ்வளவுண்ணே?’ என்றே பேச்சைத் தொடங்கிப் பழகியவர்களுக்கு இது முதல் இடறல். முதலில் ‘ஹபாரி’ என்று நலம் கேட்க வேண்டும். வீட்டில் எப்படி, வேலை எப்படி, காலைப் பொழுது எப்படி என்று கேள்விகள் தொடரலாம். பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ‘ந்ஸூரி’, நல்லது. வீட்டில் காய்ச்சலே இருந்தாலும் முதல் பதில் நல்லது என்றுதான் வரும். கெட்ட செய்தி பிறகு மெதுவாக வெளிவரும். இந்த விசாரணைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அது முடிந்தபின் கேட்கும் எதற்கும் வரவேற்பு வேறு மாதிரி இருக்கும்.

பெரியவர்களுக்குத் தனி வணக்கம் உண்டு. வயதில் மூத்தவரைக் கண்டதும் இளையவர் ‘ஷிகமோ’ என்பார். மூத்தவர் ‘மரஹாபா’ என்று ஏற்பார். ‘பாதங்களைப் பற்றுகிறேன்’ என்ற பொருளிலிருந்து வந்தது இது என்பார்கள். தான்சானியாவில் பள்ளிப் பிள்ளை ஆசிரியருக்கும், மருமகள் மாமியாருக்கும், பஸ்ஸில் ஏறுபவர் முன்னிருக்கைத் தாத்தாவுக்கும் சொல்வது இதுதான். வெளிநாட்டவர் வாயிலிருந்து வரும்போது கேட்பவரின் முகமே மாறும். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ‘ஜாம்போ’, அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்த சொல்லாகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் அதை அப்படிச் சொல்வதில்லை. ஒரே ஒரு சொல் கற்க நேரமிருக்கிறதென்றால் ‘ஷிகமோ’வைக் கற்கலாம். ஒரு எச்சரிக்கை: தன் வயதை ஒத்தவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதைச் சொன்னால் ‘எனக்கு அவ்வளவு வயசாகிவிட்டதா’ என்று சண்டைக்கு வருவார்கள்.

உறவுமுறையில் சுவாஹிலியும் மதுரையும் ஒரே தெரு. முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா, ஐயா என்பது போலவே அங்கே ‘காக்கா’ அண்ணன், ‘டாடா’ அக்கா, ‘மாமா’ அம்மா, ‘ம்ஸே’ பெரியவர். (நம் மாமா அங்கே ‘ம்ஜோம்பா’, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு பெண்ணை அவள் மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து இன்னாருடைய அம்மா என்று அழைப்பதும் வழக்கம். ஒருவர் வீட்டு வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து ‘கரீபு’ வரும்வரை காத்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தாலும் சரி. ‘போலே’ என்ற சொல் தமிழில் நேராக இல்லாதது: தடுக்கி விழுந்தவரிடம், களைத்து வந்தவரிடம், சுமை தூக்குபவரிடம், துக்க வீட்டில், எங்கும் ‘உன் சிரமம் எனக்குத் தெரிகிறது’ என்று சொல்வது. அது மன்னிப்புக் கேட்கும் சொல் அல்ல. அதற்கு ‘சமஹானி’ இருக்கிறது.

கேட்டு வாங்குவதிலும் நயம் உண்டு. ‘வேண்டும்’ என்று சொல்லச் சொல் இருந்தாலும், ‘நவோம்பா’, அதாவது வேண்டிக் கேட்கிறேன் என்றே தண்ணீரையும் தேநீரையும் கேட்பார்கள். நைரோபி இளைஞர்களின் ஷெங் என்ற கலப்புப் பேச்சில் இந்த நயம் குறைவு. சான்சிபாரில் அது இல்லாமல் நகர முடியாது.

ஏழு மணிக்கு ஒரு மணி

பயணிகளை உண்மையிலேயே கஷ்டத்தில் மாட்டுவது மணிக்கணக்கு. சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணி, ‘ஸா மோஜா’, முதல் மணி. நண்பகல் பன்னிரண்டு, ஆறாம் மணி. மாலை ஆறு, பன்னிரண்டாம் மணி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கே உதித்து ஆறு மணிக்கே மறைவதால் இந்தக் கணக்கு அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த வீட்டில் இது புதிதல்ல. உதயாதி நாழிகை என்று உதயத்திலிருந்து எண்ணுவதுதான் நம் பழைய முறையும். அங்கே நாழிகைக்குப் பதில் மணி, அவ்வளவே.

பயணச்சீட்டில் பெரும்பாலும் உலக நேரமே அச்சாகியிருக்கும். வாயால் சொல்லும்போதுதான் சிக்கல். ‘காலை பன்னிரண்டுக்கு வண்டி’ என்று டிரைவர் சொன்னால் விடிகாலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும்; பன்னிரண்டுக்குப் போனால் வண்டி பாதி வழி கடந்திருக்கும். ஆங்கிலத்தில் பேசும்போது பலர் தாமே மாற்றிச் சொல்வார்கள், சிலர் மாற்றமாட்டார்கள். ஆறைக் கூட்டு அல்லது கழி என்பதே சூத்திரம். கூடவே அது ‘அசுபுஹி’யா (காலை), ‘ஜியோனி’யா (மாலை), ‘உசிகு’வா (இரவு) என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எண்கள் இல்லாமல் மணியும் இல்லை, விலையும் இல்லை. மோஜா, ம்பிலி, தாத்து, ந்னே, தானோ, சீத்தா, ஸாபா, நானே, தீஸா, கூமி. பத்துக்கு மேல் ‘கூமி நா மோஜா’ என்று பத்தும் ஒன்றுமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். தான்சானியாவில் ஒரு வேளைச் சாப்பாடே ஆயிரக்கணக்கான ஷில்லிங் என்பதால் ‘எல்ஃபு’, ஆயிரம், முதல் நாளே தேவைப்படும். ஐயாயிரம் என்பதை ஆயிரம் ஐந்து என்று திருப்பி, ‘எல்ஃபு தானோ’ என்பார்கள். நூறாயிரத்துக்குச் சொல் ‘லாக்கி’. இந்திய வியாபாரிகளோடு போன நம் லட்சமேதான். பருப்பு பேரம் பேசப் போகிறவருக்கு இதோடு மூன்று சொற்கள் சேர்ந்தால் நல்லது: துவரை ‘ம்பாஸி’, பாசிப்பயறு ‘ச்சோரோக்கோ’, கொண்டைக்கடலை ‘டெங்கு’. கொசுவுக்கும் அந்தக் கடைசிச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை.

சாப்பாட்டில் சைவர்கள் முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம், ‘சிலி ஞாமா வாலா சமாக்கி’: இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் குழம்பு வந்து நிற்கும். கடற்கரை ஊர்களில் மீனை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சோறு ‘வாலி’, பீன்ஸ் ‘மஹராகே’, காய்கறி ‘ம்போகா’, சோளமாவுக் களி ‘உகாலி’. கம்பங்களியில் வளர்ந்தவருக்கு உகாலி பிடித்துப்போகும். மதுரைக்காரர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்தியைத் தாண்டிவிட்டு, சுட்ட இறைச்சி என்று பொருள்படும் ‘ஞாமா ச்சோமா’வோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண் சிகிச்சை முகாமுக்குப் போகும் குழுவுக்கு வேண்டியவை வேறு. கண் ‘ஜிச்சோ’, கண்கள் ‘மாச்சோ’. மேலே பாருங்கள் ‘அங்காலியா ஜூ’, கீழே ‘ச்சினி’. திற ‘ஃபுங்குவா’, மூடு ‘ஃபுங்கா’. ‘உசியோகோபே’, பயப்படாதே. இந்தச் சொற்களும் முன்னால் ஒரு ‘ஷிகமோ’வும் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் அடுத்த மேசைக்குப் போயிருக்கும் நேரத்திலும் வேலை நிற்காது. எதிரில் உட்கார்ந்திருக்கும் கண்புரை நோயாளி அநேகமாக மூத்தவராகத்தான் இருப்பார்.

வேறு இரு திசைகள்

2000-க்குப் பிறகு எத்தியோப்பியா புதிய பல்கலைக்கழகங்களை வரிசையாகத் தொடங்கியபோது இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்களை எடுத்தது. தமிழகக் கல்லூரிகளிலிருந்தும் பலர் போனார்கள். அங்கே வகுப்பறை ஆங்கிலம், வெளியே அம்ஹாரிக். வாக்கிய அமைப்பில் இது தமிழுக்குச் சுவாஹிலியைவிட நெருக்கம். வினை கடைசியில்தான் வரும். எழுத்து கீயெஸ் எழுத்து: 33 அடிப்படை வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வேறுபாடு, ஆக 231. உயிர்மெய் 216-ஐச் சிறுவயதில் சுவரைப் பார்த்து ஒப்பித்தவர்கள் மிரள வேண்டியதில்லை. அட்டவணையும் அதே க, கா, கி, கீ முறைதான். கடினம், மூச்சை அடைத்து வெடிக்கவிடும் ஒலிகள். ‘நீ’யும் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு, மரியாதைக்கு மூன்றாவது. நலம் விசாரிக்கும்போது ஆணிடம் ‘இந்தெமன் நெஹ்’, பெண்ணிடம் ‘இந்தெமன் நெஷ்’, பெரியவரிடம் ‘இந்தெமன் நெவொத்’. மணிக்கணக்கு இங்கேயும் உதயத்திலிருந்து. போதாக்குறைக்கு ஆண்டுக்கு 13 மாதம். ஆண்டெண் நம்முடையதைவிட ஏழு அல்லது எட்டு குறைவு. வேலை ஒப்பந்தத்தில் தேதி எந்த நாட்காட்டிப்படி என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

தென்னாப்பிரிக்காவில் தமிழர்கள் ஆப்பிரிக்க மொழி கற்ற கதை பழையது, அவ்வளவு இனிமையானதும் அல்ல. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்களுக்கு முன்தயாரிப்பு எதுவும் இல்லை. ஜூலு மக்களோடு அவர்கள் பேசியதில் பெரும்பங்கு ஃபனகலோ: ஜூலுச் சொற்களை இலக்கணத்திலிருந்து உரித்தெடுத்து, ஆங்கிலமும் ஆஃப்ரிக்கான்ஸும் கலந்த கூட்டுப்பேச்சு. இந்தியர்களால்தான் இது உருவானது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அது இருந்ததை மொழியியலாளர் ராஜெண்ட் மெஸ்த்ரி ஆவணங்களைக் கொண்டு காட்டினார். சுரங்கங்களில் மேஸ்திரிகள் கட்டளையிடப் பயன்பட்டதால் ஃபனகலோவுக்கு இன்று ஆதிக்கத்தின் வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய சொற்பட்டியல் எதுவும் கையில் கிடைத்தால் அதைத் தொடாமல் இருப்பதே மேல். முறையான ஜூலுவில் ஒருவருக்கு ‘சவுபோனா’, பலருக்கு ‘சனிபோனானி’, நன்றிக்கு ‘ஙியாபோங்கா’. நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் மூன்று உண்டு. பயணிக்கு அவை இல்லாமலேயே சமாளிக்க முடியும்.

எங்கே, எவ்வளவு நாள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் சுவாஹிலியில் தேற 36 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அம்ஹாரிக்கும் ஜூலுவும் 44 வாரம், தமிழுக்குச் சமம். அது முழுநேரப் படிப்பு, தூதரக அதிகாரிகளுக்கு. பயணிக்கு நாளுக்கு அரை மணி வீதம் இரண்டு மாதம் போதும். அந்த நிறுவனத்தின் பழைய சுவாஹிலிப் பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். டுவோலிங்கோ செயலியில் சுவாஹிலியும் ஜூலுவும் இருக்கின்றன. சொல் சேர்க்க உதவும், வணக்க முறையைக் கற்றுத்தராது. 1957-இல் தொடங்கிய பிபிசி சுவாஹிலிச் செய்தியைத் தினமும் பத்து நிமிடம் கேட்டால், பொருள் புரியாவிட்டாலும் அழுத்தம் காதில் பதியும். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறையில் சுவாஹிலி உண்டு. போய்ச் சேர்ந்தபின் கற்க, சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு வகுப்பு நடத்துகிறது. கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பயிற்சிக்கு வந்திருக்கும் கென்ய, தான்சானிய மருத்துவர் யாரேனும் அறிமுகமானால் ஒரு மாலை தேநீருக்கு அழைக்கலாம். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தேவைப்படும், இவருக்குக் கொஞ்சம் சுவாஹிலி.

கென்யா, எத்தியோப்பியா சென்று திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள். மொழிக்கு அந்தப் பத்து நாள் போதாது. டிக்கெட் எடுத்த அன்றே தொடங்கி, முதல் மாதம் வணக்கமும் உறவுமுறையும், இரண்டாம் மாதம் எண்ணும் மணியும் சாப்பாடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல் வகுப்புகளை ஊருக்குத் திரும்பி வந்து, ஆசை மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.